ஆற்று மீனவரைத் தேடிச் சென்ற வைத்தியம்



மிஷன் ஆஸ்பத்திரி என்றதும் கட்டிடமும் கட்டிலும் மருந்தும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று உங்களை ஆப்பிரிக்காவின் காங்கோ நதிக்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே மீன் பிடித்து வாழ்ந்த மக்களை அறியாமல், அங்கு நடந்த மருத்துவ ஊழியத்தை அறிய முடியாது.

1877 ஜனவரியில் ஸ்டான்லி என்ற பயணி அந்நதியின் ஏழு நீர்வீழ்ச்சிகளை அடைந்தார். இன்று அவற்றின் பெயர் போயோமா. கடைசி வீழ்ச்சி கிசங்கானி பட்டணத்தருகே உள்ளது. அங்கே வகேனியா மக்கள் பாறைத் துளைகளில் பருத்த கம்பங்களை நட்டு, காட்டுக்கொடிகளால் இறுகக் கட்டி, கூம்பு வடிவக் கூடைகளை வெள்ளத்தில் தொங்கவிடுவார்கள். நம் ஊர்ப் பறியைப் போன்றவைதான். ஆனால் ஆளைவிடப் பெரியவையும் உண்டு. தண்ணீரின் வேகம் மீனை உள்ளே தள்ளும். அதே வேகம் அதைத் திரும்ப விடாது. இன்றும் அவர்கள் இப்படியே மீன் பிடிக்கிறார்கள்.

சற்றுக் கீழே லொக்கேலே மக்கள். இவர்கள் ஓடங்களில் சென்று வலையும் பறியும் இட்டு மீன் பிடித்து, காட்டில் வாழ்வோரிடம் அதைக் கொடுத்து உணவுப்பொருட்களை வாங்குவார்கள். காங்கோ நாட்டின் பல பகுதிகளில் நீர் வற்றும் காலத்தில் பெண்கள் ஓடைகளுக்கு மண்ணணை போட்டு, நீரை இறைத்து, கூடைகளால் மீனை அள்ளுவார்கள்.

இந்த வாழ்வின்மேல் இரண்டு துன்பங்கள் வந்தன. முதலாவது, 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சி. ரப்பரைப் போலவே மீனும் கட்டாய வரியாக வசூலிக்கப்பட்டது. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் 1903-ல் நேரில் கண்டு எழுதிய அறிக்கை மறுவருஷம் வெளியானது. ஆற்றங்கரை ஊரார் மீன் வரியால் பட்ட பாடு அதில் உள்ளது.

இரண்டாவது, தூக்க நோய். ஆற்றங்கரை நிழலில் வாழும் செட்சி ஈ கடிப்பதால் இது பரவும். வலை வீசுபவரும், தண்ணீர் மொள்ளும் தாயும், குளிக்கும் பிள்ளையும் அந்த ஈக்கு இரையானார்கள். பிழைப்பு தந்த நதிக்கரையே மரணத்தையும் தந்தது.

கிசங்கானிக்குக் கீழே யாக்குசு என்ற ஊரில் பாப்திஸ்து மிஷனெரி சங்கத்தின் ஆஸ்பத்திரி இருந்தது. 1920-ல் டாக்டர் கிளெமென்ட் செஸ்டர்மேன் அங்கே வந்தார். டிரிபார்சமைடு என்ற புது மருந்து, மூளையை எட்டிய நோயையும் குணமாக்க உதவியது. ஆனால் சிலருக்குக் கண்பார்வை கெடும் ஆபத்தும் அதில் இருந்தது. ஆகவே கவனமாக, வாராவாரம் ஊசி போடவேண்டும்.

வாராவாரம் ஒரு மீனவன் வெகுதூரம் துடுப்புப் போட்டு வந்தால் அவன் வலையை யார் பார்ப்பது? வீட்டார் எதைச் சாப்பிடுவது? அங்கு செய்யப்பட்டது என்னவென்றால், அந்த ஊர் வாலிபருக்கே பயிற்சி கொடுத்து, கிராமங்களில் சிறு மருந்தகங்கள் அமைத்தார்கள். வைத்தியம் ஓடத்துறைக்கே வந்து சேர்ந்தது.

பிரியமானவர்களே, நோயாளி நம்மிடம் வரவில்லையென்றால் அவனைக் குறைசொல்ல வேண்டாம். அவன் எந்த வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று முதலில் விசாரிப்போம். உங்கள் காணிக்கைகள் கட்டிடங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கடைசி மைல் தூரத்துக்கும் தேவையானவை.