பாலத்தில் இருந்த தண்டவாளம்



அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் எதிர்க்கரை ஓக்லாந்தையும் இணைக்கும் பே பாலம் 1936 நவம்பரில் திறக்கப்பட்டது. அப்போது அது இரண்டு அடுக்குப் பாலம். மேல்தளத்தில் கார்கள், கீழ்த்தளத்தில் லாரிகள். லாரிகளுக்குப் பக்கத்திலேயே 1939 முதல் மின்சார ரயிலும் ஓடியது. பெர்க்கிலியில் ஏறியவர் வழியில் எங்கும் மாறாமல் விரிகுடாவைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம்.

உலகப் போர் முடிந்ததும் கார்கள் பெருகின, ரயிலில் கூட்டம் குறைந்தது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சாலைக்குப் பின்னால் அரசாங்கத்தின் பணம் இருந்தது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச்சாலைகளுக்கு வழி செய்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு டாலரை மத்திய அரசே ஏற்றது. நகர ரயிலுக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லை. டிக்கெட் காசில்தான் அது பிழைக்க வேண்டும். இதைச் சமமான போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1958 ஏப்ரல் 20ஆம் தேதியோடு பாலத்து ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுக் கார்களுக்கு இடம் செய்தார்கள். 1963இல் மேல்தளம் முழுக்க மேற்கே போகும் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் முழுக்கக் கிழக்கே போகும் வண்டிகளுக்கு என்று ஆனது. தளத்துக்கு ஐந்து தடங்கள்.

இதற்கிடையே சான் பிரான்சிஸ்கோ மக்களே விழித்துக்கொண்டார்கள். துறைமுகத்துப் பழைய படகு நிலையத்தின் முகத்தை மறைத்து ஈரடுக்கு விரைவுச்சாலை ஒன்று எழுந்து நின்றதைப் பார்த்தபின், ஊர் கொதித்தது. 1959 ஜனவரியில் நகர மன்றம், திட்டமிட்டிருந்த பத்து விரைவுச்சாலைகளில் ஏழை வேண்டாம் என்று தீர்மானித்தது. மத்திய அரசு பணம் தரத் தயாராக இருந்த நாளில் ஒரு நகரம் அப்படிச் சொன்னது, எனக்கு இன்றும் வியப்புதான்.

1962இல் மூன்று மாவட்ட மக்கள் வாக்களித்து, புதிய ரயிலுக்காக 79 கோடியே 20 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பாலத்தில்தான் இடம் போய்விட்டதே! கடலடியில் பள்ளம் தோண்டி, 57 குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கோத்தார்கள். அந்தக் குழாய்க்குள் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1974 செப்டம்பரில்.

நடுவில் பதினாறு ஆண்டுகள். வேலை முடிந்து ஓக்லாந்துக்கும் பெர்க்கிலிக்கும் திரும்பியவர்கள், கார்களுக்கு நடுவே பஸ்ஸில் போனார்கள். 1963க்குப் பிறகு அவர்கள் பஸ் போனது கீழ்த்தளத்தில், முன்பு தண்டவாளம் கிடந்த அதே தளத்தில்.