தாயின் ஆறு மணித்தியாலம்



கடும் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளைப் பராமரிக்கும் பயிற்சியில் தாதியர் சுவாசக் கருவியை மட்டும் படிப்பதில்லை. தாய்க்குக் கற்றுக்கொடுக்கவும் படிக்கிறோம்.

1979இல் எஸ்தோனியாவில் தாதியர் போதாமல், தாய்மாரே குறைமாதக் குழந்தைகளைப் பராமரித்தார்கள். அந்த வழியை ரொறன்ரோவின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை எடுத்து வளர்த்தது: பெற்றோர் தினமும் ஆறு மணித்தியாலமாவது குழந்தையோடு இருக்கவேண்டும். 26 மருத்துவப் பிரிவுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இப்படி வளர்ந்த குழந்தைகளின் எடை நன்றாகக் கூடியது. பெற்றோரின் மனஅழுத்தம் குறைந்தது.

எங்கள் தாய்மார் பலர் வயர்களுக்குப் பயந்து, "நீங்களே பாருங்கோ மிஸ்" என்று ஒதுங்குகிறார்கள். ஒதுங்காதீர்கள். "எப்ப தூக்கலாம்?" என்று கேளுங்கள்.

சபையாரே, ஜெபத்தோடு அந்த வீட்டுச் சமையலையும் மூத்த பிள்ளைகளையும் பொறுப்பெடுங்கள். அந்த ஆறு மணித்தியாலம் தாய்க்குக் கிடைக்கட்டும்.