பாம்பு கடித்தது விபத்து. மற்றதெல்லாம் என் திட்டம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிவில் படிச்சவன், பாலத்தைப் பத்திப் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. ஆனால் வரும் ஜனவரியில் மாணவர்கள் மலையேற்றம் போவதாகச் செயலாளர் சொன்னார். உடனே என் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

நான் இறுதியாண்டு படித்தபோது 11 பேர் ஜவ்வாது மலைக்குப் போனோம். திட்டம் போட்டவன் நான். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள், பரோட்டா சாப்பிட்டு, அரட்டை அடித்து, பதினோரு மணிக்குத்தான் ஏற ஆரம்பித்தோம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கே போகிறோம் என்று விடுதிக் காப்பாளருக்கும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று பயம்!

இறங்கும்போது இருட்டிவிட்டது. 11 பேருக்கு ஒரே டார்ச். ஜூனியர் ஒருவன் "அண்ணே, ஏதோ குத்திருச்சு" என்றான். கணுக்காலில் இரண்டு பல் தடம். ஒருவன் நைலான் கயிற்றால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். இன்னொருவன் பிளேடை எடுத்தான். சினிமாவில் பார்த்தது அவ்வளவுதானே! அந்த வழியே வந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர்தான், "அறுக்காதீங்கப்பா, தூக்கிட்டுப் போங்க" என்று அதட்டினார். இரண்டு கம்புகளில் போர்வையைக் கட்டி, அவனைப் படுக்கவைத்துச் சுமந்தோம். ரோட்டுக்கு வர இரண்டரை மணி நேரம். அங்கிருந்து காய்கறி வேன்.

மருத்துவமனையில் அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். உறையவில்லை. விரியன் விஷம் ரத்தம் உறையும் சக்தியையே கெடுத்துவிடும். பிளேடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது உறைந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் டாக்டர் என்னிடம், "பாம்பு பாதி கெடுத்துச்சு, நீங்க கட்டின கயிறு மீதியைக் கெடுத்துச்சு" என்றார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. ஒரு செமஸ்டர் போனது.

தம்பிகளே, பாம்புக்கடிக்குச் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கட்டாதே, அறுக்காதே, உறிஞ்சாதே. மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்று, வீங்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் மட்டை வைத்துக் காலை அசையாமல் வை. நடக்கவிடாமல் தூக்கிப் போ. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள். பாம்பைத் தேடிப் போகாதே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். அது இருப்பது மருத்துவமனையில், பச்சிலையில் இல்லை.

அடுத்து நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. வெப்பக்காற்று மேலே எழும் என்பது நமக்குப் பாடம். சரிவில் தீ ஏறும்போது மேலே உள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். அதற்கு முன்னால் மேலே ஓடி யாரும் ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்தையோ தேட வேண்டும். அதைவிட நல்லது, புல் காய்ந்த கோடையில் அங்கே போகாமலிருப்பது. அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.

சைட்டில் நாங்கள் எந்த வேலைக்கும் இரண்டு கேள்வி கேட்போம். இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு நஷ்டம்? வாய்ப்பு குறைவுதான், ஆனால் நஷ்டம் ஓர் உயிர் என்றால், "பாத்துக்கலாம் மச்சான்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று பாம்பு கடித்தது விபத்து. ஆனால் அந்த இருட்டில், ஒரே டார்ச்சோடு, செருப்புக் காலோடு அவன் அங்கே நின்றது என் திட்டம். தாமதமாகக் கிளம்பியது, திரும்பும் நேரம் வைக்காதது, யாரிடமும் சொல்லாதது, மூன்றும் என் தவறுகள். பல வருடம் அதைப் 'பாம்புக் கதை'யாகத்தான் சொல்லிச் சிரித்தேன். இன்றுதான் மேடையில் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றே பேசுகிறேன்.

ஜனவரிக்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: யார் யார் போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம், அருகில் எந்த மருத்துவமனை, எந்த இடத்துக்கு 108 வண்டி வர முடியும். ஒரு பிரதி காப்பாளரிடம் இருக்கட்டும். குறித்த நேரத்துக்கு வராவிட்டால் யார் தேட ஆரம்பிப்பது என்பதும் அதில் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டியும் ஆளுக்கொரு டார்ச்சும் எங்கள் பேட்ச் செலவு. மட்டை கட்டவும் தூக்குக் கட்டில் செய்யவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கற்றுத் தருகிறேன்.

மலைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போன அத்தனை பேரும் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு இதே அரங்கில் கதை சொல்லுங்கள்.