கைப்பட்டை கைமாறும் இடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பொறுப்பை ஒப்படைத்த செயலாளர் பேசியது)



தீர்மான நோட்டு எழுதச் சொன்னால் எழுதுவேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அதனால் என் மகள் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அவள் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆகஸ்ட் கடைசியில் 'ஹூட் டு கோஸ்ட்' என்று ஒரு தொடர் ஓட்டம் நடக்கும். 1982-ல் 8 அணிகளோடு ஆரம்பித்தார்களாம். ஹூட் மலையில் கிளம்பி பசிபிக் கடற்கரையில் சீசைட் என்ற ஊரில் முடிக்க வேண்டும். சுமார் 320 கிலோமீட்டர். நம்ம கணக்குக்கு, சென்னையிலிருந்து கிட்டத்தட்ட திருச்சி வரைக்கும் ஓடுற மாதிரி!

ஒருத்தரே ஓடுவதில்லை. ஓர் அணிக்கு 12 பேர். பாதையை 36 துண்டாகப் பிரித்து, ஆளுக்கு 3 முறை ஓடுவார்கள். வேனுக்கு 6 பேராக இரண்டு வேன். ஒரு வேன்காரர்கள் ஓடும்போது மற்ற வேன் முன்னால் போய்ச் சாப்பிட்டு, கண்ணயரும். ராத்திரியும் ஓட்டம் நிற்காது. ஒருவர் கையில் இருக்கும் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் மாட்டினால்தான் அவர் கிளம்பலாம்.

என் மகளின் அலுவலகத்தில் ஒரே பிரிவிலிருந்து 12 பேர் சேர்ந்தார்கள். மேனேஜரும் உண்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணும் உண்டு. ஓட்டத்துல எல்லாருக்கும் அதே மூணு முறைதான்.

அவளுடைய இரண்டாவது முறை நடுராத்திரி தாண்டி வந்தது. நெற்றியில் விளக்கு, மேலே வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை. இருட்டில் நினைத்ததைவிட வேகமாக ஓடிவிட்டாள். மாற்றும் இடத்துக்கு வந்து பார்த்தால் வரிசையாக வேன்கள் நிற்கின்றன. அவளுக்காக ஒருத்தரும் நிற்கவில்லை. அடுத்து ஓட வேண்டிய மேனேஜர் வேனுக்குள் தூங்குகிறார்! பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் கத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அவருகிட்ட சண்டை போட்டியாடி?" என்று கேட்டேன்.

"போடலாம்னுதான் போனேன்மா. ஆனா எவ்வளவு நேரத்துல வருவேன்னு முன்னாடி கேட்டப்ப, பயத்துல ரொம்பக் கூட்டிச் சொன்னது நான்தான். அதை நம்பித்தான் அவர் தூங்கினார்" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியும், 11 வருஷம் கூட்டமைப்புக் கணக்கை நான் ஒருத்திதான் பார்த்தேன். யாருக்கும் சொல்லித் தரவில்லை. "அவங்க எழுதினா தப்பு வரும்" என்று நினைத்தேன். போன வருஷம் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கறவை மாட்டுக் கடனுக்கு மனு கொடுத்திருந்த ஒரு குழுவின் காகிதம் அலமாரியிலேயே கிடந்தது. சாவி என் வீட்டில். எந்தக் கணக்கு எந்த நோட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழுவில் ஒரு தங்கச்சி, பேசிவைத்த மாடு கைவிட்டுப் போகக் கூடாதென்று வட்டிக்காரரிடம் கைநீட்டினாள். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் திரும்பி வந்ததும், "நீங்க இல்லாம ஒண்ணும் நடக்கலக்கா" என்றீர்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அது பாராட்டு இல்லை. நான் நன்றாக ஓடினேன்; வாங்கிக்கொள்ள ஆள் நிற்க வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதமாக வியாழக்கிழமைதோறும் புதிய செயலாளரோடு உட்கார்ந்தேன். அவர் வரவைச் செலவுப் பக்கத்தில் எழுதும்போது பேனாவைப் பிடுங்கக் கை பரபரக்கும். அடக்கிக்கொண்டேன். போன மாதக் கணக்கு முழுக்க அவர் எழுதியது. ஒரு ரூபாய் பிசகவில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊக்குநர் நாளைக்கு வரவில்லை என்றால் யார் எழுதுவது? அந்தப் பெயரை அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதிவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்த ஓட்டத்தில் கடைசி ஆள் கடற்கரைக்கு வரும்போது, மற்ற 11 பேரும் சேர்ந்துகொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டுவார்களாம். ஓடி முடித்தவர்கள் முன்னாடியே வீட்டுக்குப் போவதில்லை. நானும் போக மாட்டேன். கூப்பிட்டால் வருவேன்.

புதிய செயலாளர் மேடைக்கு வாங்கம்மா. இந்தாங்க, அலமாரிச் சாவி.