எதிர்பாராத உறுப்புக்கும் ஓர் இடம்

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வினாத்தாளை வேர்டில் தட்டச்சு செய்து டாக்எக்ஸ் கோப்பாகச் சேமிக்கிறோம். அதைப் படியெடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்புகள். 1998இல் வந்த இந்தக் குறிமொழியைத் தினமும் பயன்படுத்துகிறோம், பெயர் தெரியாமலே.

எக்ஸ்எம்எல் கோப்புக்கு இரண்டு சோதனைகள். குறிகள் ஒழுங்காகத் திறந்து மூடியிருக்கின்றனவா என்பது முதலாவது. எந்த உறுப்பு எங்கே, எத்தனை முறை வரலாம் என்று எழுதிவைத்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்பது இரண்டாவது. அந்த இலக்கணம்தான் ஸ்கீமா. அதில் சொல்லாத ஓர் உறுப்பு வந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் கோப்பு செல்லாது.

ஜிபிஎக்ஸ் கோப்பை எடுத்துக்கொள்வோம். நடந்த வழியைப் புள்ளிபுள்ளியாகப் பதிவது அது. புள்ளிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை, வேண்டுமானால் உயரம், நேரம். உடற்பயிற்சிக் கைக்கடிகாரமோ இதயத்துடிப்பையும் எழுத விரும்புகிறது. அதற்கு ஜிபிஎக்ஸில் உறுப்பே கிடையாது. ஆனால் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்றொரு உறுப்பு உண்டு. அதற்குள் 'எனி' என்ற விதியால் எந்த உறுப்பும் வரலாம். வேறு பெயர்வெளியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே சோதனை 'லாக்ஸ்' முறையில் நடக்கும். வந்த உறுப்புக்கு வரையறை கிடைத்தால் சோதிக்கும்; கிடைக்காவிட்டால் விட்டுவிடும். 'ஸ்ட்ரிக்ட்' என்றிருந்தால் வரையறை இல்லாததே பிழை. 'ஸ்கிப்' என்றால் வரையறையைத் தேடவே தேடாது.

எல்லா இடத்தையும் இப்படித் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஜிபிஎக்ஸில் உயரத்தின் குறி 'இஎல்இ'. ஒருவர் தவறுதலாக 'இஎல்இவி' என்று எழுதிவிடுகிறார். புள்ளிக்குள் எந்தப் பெயரும் வரலாம் என்றால், இது புதிய உறுப்பாகவே ஏற்கப்படும். உயரம் கட்டாயமில்லாத உறுப்பு என்பதால் அது விடுபட்டதும் பிழையாகாது. மலையேறிய பாதை தட்டையாகத் தெரியும்; எச்சரிக்கை ஒன்றும் வராது. மதிப்பெண் பதிவேற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. உண்மையான ஜிபிஎக்ஸ் ஸ்கீமாவோ அந்த எழுத்துப்பிழையைப் பிடித்துவிடும்.

வகுப்பில் இரண்டு கோப்புகளைக் கொடுங்கள். ஒன்றில் இந்த எழுத்துப்பிழை, மற்றொன்றில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' உள்ளே இதயத்துடிப்பு. எது தள்ளப்படும், ஏன் என்று மாணவர்களே முதலில் எழுதட்டும். 'எக்ஸ்எம்எல்லின்ட்' என்ற இலவசக் கருவியில் பிறகு ஓட்டிப் பார்க்கலாம்.