விசாரணைக் குழுவில் யார் உட்கார வேண்டும்?

(கொட்டாஞ்சேனைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தோழர்களே, தாய்மாரே, கொழும்புத் தொழிலாளர்களே!

தோட்டத்தில் பிரச்சினை வந்தால் விசாரணைக் குழு கேட்கிறோம். அதில் யார் உட்காருவது? உள்ளூர்க்காரரா, எந்தப் பக்கமும் சேராத வெளியாளா? வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது.

1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. நான்கு பேரும் பிரித்தானியர், இலங்கையர் ஒருவருமில்லை. ஆனால் இங்குள்ள பெரிய மனிதர் பலர் ஏழைக்கு ஓட்டு எதற்கு என்று நின்றபோது, சர்வஜன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தவர்கள் அந்த வெளியாட்கள்தான். 1931இல் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்குப் போட்ட குடியிருப்பு நிபந்தனையை இறுக்கியது உள்ளூர் அரசியல். 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய சட்டமும் கொழும்புப் பாராளுமன்றத்தில்தான் நிறைவேறியது.

அப்படியென்றால் வெளியாள் போதுமா? போதாது. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவில் மூன்று இந்தியர் இருந்தார்கள். மற்றவர்களோடு ஒத்துப்போக முடியாமல் தனி அறிக்கை எழுதினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த மாற்றுக் கருத்து அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்காது.

நம் மலையகத்தையே பாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் உயிரிழந்தார். விசாரணைக் குழுவின் முன் அவர் மனைவிக்காக ஆஜரானவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவர் தமிழரல்ல, தோட்டத்தில் பிறந்தவருமல்ல. ஆனாலும் நம் பக்கம் நின்றார்.

ஆகவே ஊரைப் பார்த்து மட்டும் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாரிடம் சம்பளம் வாங்குகிறார், யாருக்குப் பயப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். இனி விசாரணை கேட்கும்போது நான்கையும் சேர்த்தே கேட்போம்:

ஒன்று, தலைவர் கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருக்க வேண்டும்.

இரண்டு, தொழிலாளர் தெரிந்தெடுத்த ஓர் அங்கத்தவர் வேண்டும். உடன்படாவிட்டால் தனி அறிக்கை எழுதும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

மூன்று, சாட்சியம் தமிழிலேயே பதிவாக வேண்டும்.

நான்கு, சாட்சி சொன்னவரின் வேலையிலும் லயத்து அறையிலும் துரை கைவைக்கக் கூடாது.

நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் வீண். வீடு போய்விடும் என்று பயப்படும் கொழுந்து பறிக்கும் அக்கா, எவ்வளவு நல்ல நீதிபதி முன்னாலும் வாய் திறக்க மாட்டார். தோட்டக் கமிட்டிகளில் இதைப் பேசித் தீர்மானம் எழுதி அனுப்புங்கள்.