மலைநாட்டு மின் வேலையும் அதன் மதிப்பீடும்

வீடு கட்ட முனைபவர் முதலிற் கல்லை எண்ணுகிறார். பின்பு சீமெந்தையும் மரத்தையும் எண்ணுகிறார். மின்சாரம் கடைசியாகவே அவர் நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலை அமைப்பவரும் இயந்திரத்தின் விலையை அறிந்ததும் கணக்கு முடிந்ததென்று எண்ணிவிடுகிறார். அந்த இயந்திரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பியும், அதன் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியாக, குத்துமதிப்பான ஒரு தொகையாக இடம்பெறுகின்றன. சமவெளியில் இவ்வழக்கம் ஓரளவு ஒப்பேறலாம். பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளில் அது ஒப்பேறுவதில்லை.

ஏன் என்பதைச் சிறு கணக்கொன்று விளக்கும். வரைபடத்தில் இரு கட்டடங்களுக்கு இடையே 100 மீற்றர் என்றிருக்கலாம். ஆனால் வரைபடம் காட்டுவது கிடைத்தூரம். நிலம் 30 பாகை சரிந்திருந்தால் தரைவழித் தூரம் 115 மீற்றரைத் தாண்டும். வளைவுகளுக்கும் இணைப்புகளுக்கும் விடவேண்டிய மிச்சம் வேறு. இனி, நீளம் கூடினால் விலையும் அதே விகிதத்திற் கூடும் என்று கருதுவதும் பிழை. மின்சாரம் நெடுந்தூரம் செல்லச்செல்ல வழியில் மின்னழுத்தம் குறைகிறது. விளக்கு மங்குகிறது, மோட்டார் சூடேறுகிறது. தூரம் இருமடங்கானால், இழப்பை முன்போலவே வைத்திருக்கக் கம்பியின் குறுக்குப்பரப்பும் இருமடங்காக வேண்டும். நீளமும் இரட்டிப்பு, பருமனும் இரட்டிப்பு; ஆகவே வேண்டிய செம்பு நான்கு மடங்கு. மலையில் அளக்காமல் மேசையில் எழுதிய தொகை எங்கே தவறுகிறது என்பது இதனாற் புலனாகும்.

தேர்ந்த மதிப்பீட்டாளர் மூன்று படிகளில் வேலை செய்வார். திட்டம் எண்ணமாக மட்டும் இருக்கும்போது, முன்பு கட்டிய ஒத்த கட்டடங்களின் செலவைக்கொண்டு பருமட்டாகச் சொல்வார். வரைபடம் ஆயத்தமானதும் விளக்குகளையும் மின்செருகிகளையும் 'பொயின்ற்' கணக்கில் எண்ணுவார். கடைசியில், நிலத்தை நடந்து பார்த்து, கம்பி இத்தனை மீற்றர், குழாய் இத்தனை, ஆளிகள் இத்தனை, ஆட்கூலி இத்தனை நாள் என்று அளந்து எழுதுவார். முதற்படித் தொகையை மூன்றாம்படித் தொகையென்று நம்பி ஒப்பந்தம் செய்வதே பல திட்டங்கள் நடுவழியில் நிற்பதற்குக் காரணம்.

கருவிகளின் கணக்கு இன்னும் நுட்பமானது. தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குள் செல்லும் காற்றின் வெப்பம் தவறினால் அன்றைய கொழுந்தின் தரமே தவறிவிடும். கொழுந்து வாட்டும் மாடியிற் காற்றின் ஈரத்தை அறிய, உலர்குமிழும் ஈரக்குமிழும் கொண்ட வெப்பமானி வேண்டும். கருவியின் விலை கடைக்காரர் சொல்லும் விலை மட்டுமன்று. அதிலிருந்து பலகைவரை ஓடும் கம்பி, அதைக் காக்கும் குழாய், பொருத்தும் கூலி, அளவு சரிபார்க்கும் செலவு, மாற்றுக்கு ஒன்று ஆகிய யாவும் சேர்ந்ததே அதன் விலை. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடியும் மின்னலும் மிகும் நாட்டில், மின்னற்காப்பையும் அதனோடு கூட்ட வேண்டும்.

கருவியை வீண்செலவென்று தள்ளுபவர், தோட்டத்துச் சிறு நீர்மின் நிலையங்களை நினைத்துப் பார்க்கலாம். ஒருகாலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பல தம் ஓடைகளிலேயே மின்சாரம் எடுத்தன. பொது மின்வழங்கல் வந்தபின் அவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 1980களில் இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழு என்னும் பிரித்தானிய அமைப்பு அவற்றுட் சிலவற்றைப் புதுப்பிக்க உதவியது. நீரைக் கூட்டியும் குறைத்தும் சுழலியின் வேகத்தைக் காக்கும் பழைய பொறி, சிறு நிலையத்துக்குத் தாங்கமுடியாத விலை. அதற்கு மாற்றாக இலத்திரனியல் சுமைக் கட்டுப்படுத்தி வந்தது. அது நீரைத் தொடுவதில்லை. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை வெப்பச் சுருள்களுக்குத் திருப்பி, சுழலியின் சுமையை ஒரே நிலையில் வைக்கிறது. தக்க கருவியொன்றைத் தேர்ந்ததால் முழுத்திட்டத்தின் செலவும் இறங்கியது.

பெருந்திட்டங்களிலும் பாடம் இதுவே. ஊவாவின் உமா ஓயாத் திட்டம், வெல்லவாயவுக்கு அண்மையில் நிலத்தடி மின்நிலையம் அமைத்து 120 மெகாவாற்று மின்சாரம் பெறுவது. அதன் செலவு ஏறத்தாழ 529 மில்லியன் அமெரிக்க டொலர் என்று கணக்கிடப்பட்டது. 2014 டிசம்பரிற் சுரங்கத்துள் நிலத்தடிநீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலிலேயே நிலையம் திறந்துவைக்கப்பட்டது. மின்பிறப்பாக்கியின் விலையைக் கேட்டறியலாம். மலையின் உள்ளிருப்பதை அளந்தே அறிய வேண்டும். ஆழம் அறியாமற் காலை விடாதே என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

கணக்கில் விடுபட்ட செலவு மறைந்துபோவதில்லை. அது வேறொருவர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் தாங்கும் வலுவற்றவர். மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீட்டுக்கான பணம் ஒரு கணக்கிலும், பாதை, நீர், மின்சாரம் ஆகியவை இலங்கை அரசின் கணக்கிலும் அமைந்தன. கணக்குகள் இரண்டாயிருப்பது குற்றமன்று. ஆனால் இரண்டும் ஒரே நாளில் முடியாவிட்டால், புதுவீட்டின் சாவியைப் பெற்ற குடும்பம் மண்ணெண்ணெய் விளக்கோடு குடிபுக நேரும்.

செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத பொருளே: பாறை நிலத்தில் ஆழமாக இறக்கவேண்டிய புவித்தொடுப்புக் கம்பி, மின்கசிவு நேர்ந்தவுடன் மின்சாரத்தை நிறுத்தும் 'ட்ரிப் சுவிட்ச்', வேலை முடிந்தபின் செய்யும் சோதனை. இவை இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். ஆகவே குறை தெரியாது. மழைநாளில் ஈரக் கையோடு ஆளியைத் தொடும் தாய்க்கும், ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த லயத்து அறைகளில் உறங்கும் பிள்ளைகளுக்குமே அக்குறை தெரியவரும்.

எனவே தோட்டத்திலோ ஊரிலோ கட்டட வேலை தொடங்குபவர்கள், மதிப்பீட்டின் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: நிலத்தை அளந்தவர் யார்? இதிற் சேராதவை எவை? அவற்றை யார் கொடுப்பார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடையுள்ள மதிப்பீடு சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும், முடிவில் அதுவே மலிவானது.